நெவில் இன்னும் சாகவில்லை

பதினோராவது அத்தியாயம் நடக்கிறது, நெவில் இன்னும் சாகவில்லை.

வெர்னா எழுதிய மற்ற துப்பறியும் நாவல்களில் இந்நேரத்துக்குப் பிணம் விழுந்து, போலீஸ் வந்து, பக்கத்து வீட்டுக்காரி மேல் சந்தேகம் கிளம்பி, அவள் பாவம் ஒன்றும் செய்யவில்லை என்றுகூட ஆகியிருக்கும். இந்த நாவலில் நெவில் அத்தியாயம் தவறாமல் வருகிறான். சாசேஜ் ரோல் தின்கிறான். பீர் குடிக்கிறான். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறான். வருகிறது. நனைகிறான். அடுத்த அத்தியாயம்.

இதில் சங்கடம் என்னவென்றால், நெவில் நிஜமான ஆள். வெர்னா இருக்கிற டன்னிங்ஃபோர்ட் என்கிற சின்ன ஊரில் விறகு விற்கிறவன். வாரம் ஒரு தடவை வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, சமையலறைச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, கோழி முட்டை வைத்ததா என்று விசாரிக்கிற மாதிரி விசாரிப்பான்.

"என்ன வெர்னா, என்னைக் கொன்னாச்சா?"

"இன்னிக்கு முதுகு வலி நெவ். நாளைக்குப் பாக்கலாம்."

"எனக்கும் வயசாகுது. நீ கொல்றதுக்குள்ள நானே போய்ச் சேர்ந்துடப் போறேன்."

வண்டியில் அவன் நாய் தூங்கிக்கொண்டிருக்கும். பெயர் மேயர். நாள் முழுக்கத் தூங்கும், யாராவது போட்டோ எடுத்தால் மட்டும் எழுந்து நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

நெவில் அவசரப்படக் காரணம் உண்டு. ஊரில் ஒரு தீயணைப்புப் படை இருக்கிறது. சம்பளம் கிடையாது. மணி அடித்தால் பேக்கரிக்காரன் மாவுக் கையோடு ஓடுவான். அந்தப் படைக்கு நிதி சேர்க்க, கோடை முடிகிற சமயம் பப்பில் சீட்டுக் குலுக்குவார்கள். முன்பெல்லாம் முதல் பரிசு ஒரு தட்டு இறைச்சி, இரண்டாவது ஒரு வண்டி விறகு. ஏதோ ஒரு வருஷம் மூன்றாவது பரிசுக்கு ஒன்றும் அகப்படாமல் முழித்தபோது, ஜெயித்தவரை என் அடுத்த நாவலில் கொலை செய்து தருகிறேன் என்று வெர்னா வாயை விட்டுவிட்டாள். மறுவருஷமே அது முதல் பரிசுக்கு ஏறிவிட்டது. இறைச்சி மூன்றாவதுக்கு இறங்கியது. கசாப்புக் கடைக்காரருக்கு அவள் மேல் இன்றைக்கும் வருத்தம்தான், அவளுக்கு வெட்டுகிற துண்டில் எலும்பு கூடுதலாக இருக்கும்.

செத்தவர்களுக்குப் பப்பில் தனி மேசை உண்டு. ஆறு தெரிகிற சன்னலோர மேசை, சாயங்கால வெயில் விழுகிற இடம். வெர்னா கையால் அச்சில் செத்தவர்கள் மட்டும்தான் அதில் உட்காரலாம். விஷம் குடித்த தபால்காரம்மா, ஆப்பிள் பெட்டிகளுக்கு அடியில் நசுங்கின பள்ளிக்கூட முதல்வர், கழுத்து நெரிபட்ட பேங்க் மேனேஜர் என்று எல்லாரும் வெள்ளிக்கிழமை கூடி, யார் சாவு பெரிய சாவு என்று அலட்டிக்கொள்வார்கள். பேங்க் மேனேஜருக்கு அங்கே கொஞ்சம் மரியாதை கம்மி. மூன்றாம் பக்கத்திலேயே செத்துவிட்டார், ஒரு வசனம்கூடக் கிடையாது.

நெவில் எத்தனையோ வருஷமாகச் சீட்டு வாங்கி, இறைச்சி இறைச்சியாக ஜெயித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை தான் கொடுத்த விறகைத் தானே ஜெயித்தான். இந்தக் கோடையில்தான் அவனுக்குச் சாவு விழுந்தது. அன்றைக்கு அவன் அழுதான் என்று பப்பில் சொல்கிறார்கள். கண்ணில் மரத்தூள் விழுந்தது என்று அவன் சொல்கிறான்.

கொன்று போட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் வெர்னா மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவள் நுரையீரலுக்கு அதைவிடக் கூட இருக்கும். முதல் பத்து நாவல்களையும் சிகரெட்தான் எழுதியது, நான் டைப் மட்டும் அடித்துக் கொடுத்தேன் என்பாள். சிகரெட்டை அவள் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அது அவளை விடவில்லை. காலையில் கண் விழித்ததும் கட்டில் ஓரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், யாரோ கூப்பிடக் காத்திருக்கிறவள் மாதிரி. இன்ஹேலரை வாயில் வைத்து இழுப்பாள். சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போடுவாள். அது கொதிப்பதற்குள் சன்னலோர நாற்காலிக்குத் திரும்பிவிட்டால் நல்ல நாள். கெட்டில் முந்திக்கொண்டால் மோசமான நாள். இந்த இலையுதிர் காலத்தில் கெட்டில்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

டோஸ்ட்டில் வெஜிமைட் என்கிற உப்புக் கரிக்கும் கறுப்புப் பசையைத் தடவிப் பாதி தின்பாள். மிச்சம் புல்தரைக்கு வருகிற வாலபிக்கு, கங்காருவில் குட்டி ஜாதி அது. ஆற்றின் மேல் மூடுபனி உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும். பனி கலைந்தால் அவளும் கலைந்துவிடுவாள். அப்புறம் துணி மடிப்பாள். ஒரு காலுறைக்கும் அதன் ஜோடிக்கும் நடுவில் ஓய்வெடுப்பாள். தோப்புகளில் பறிப்பு முடிந்து, கீழே விழுந்த ஆப்பிள்கள் புளித்துக் கிடந்தன. கிளிகள் அதைத் தின்றுவிட்டுத் தள்ளாடுவதைப் பார்த்தபடி, இந்த ஊரில் தன்னைவிட மோசமாக நடக்கிற ஜீவன் இதுவாவது இருக்கிறதே என்று திருப்திப்படுவாள்.

எழுத்திலும் அதே கதைதான். ஒரு வாக்கியம் அடித்துவிட்டு மூச்சு வாங்குவாள். போன புத்தகத்துக்கு ஹோபார்ட் நகரப் பத்திரிகை ஒன்றில் மதிப்புரை வந்தது. ஆசிரியரின் நடை முதுமையில் கச்சிதமாகியிருக்கிறது, ஒரு சொல் கூடுதல் இல்லை என்று மெச்சியிருந்தார்கள். நீள வாக்கியத்துக்கு மூச்சு இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன குளிர்காலத்தில் பாதியை ஆஸ்பத்திரியில்தான் கழித்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் காற்றே அசையாத சாயங்காலங்கள் உண்டு. வீட்டுக்கு வீடு விறகுக் கணப்பு எரியும். புகை மேலே போகாமல் பானைக்கு மூடி போட்ட மாதிரி ஊர் மேல் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு குளிர்காலம் இங்கே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குவீன்ஸ்லாந்தில், பண்டபெர்க்கில் இருக்கிற மகள் ஜெனெல் அம்மாவுக்காக ஒரு அறையே தயார் பண்ணி வைத்திருந்தாள். வெயில் ஊர். விறகு என்றால் அங்கே எதுக்கு என்று கேட்பார்கள். வெர்னா மறுக்கவில்லை. இந்தப் புத்தகம் முடியட்டும், மறுநாளே கிளம்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

நெவில் செத்தால் கதை ஓடும். ஓடினால் முடியும். முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். அதனால் நெவில் சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவளுக்கே காலையில் தெரியும், மத்தியானம் மறந்துவிடும்.

ஏப்ரல் பிறந்ததும், தெற்குப் பூமியில் குளிர் எட்டிப் பார்க்கிற மாதம் அது, ஜெனெல் போனில் கொஞ்சம் அழுத்திக் கேட்டாள். குற்ற உணர்ச்சி தாங்காமல் வெர்னா அன்றைக்கே காளான் சூப்பில் விஷம் வைத்து நெவிலை முடித்துவிட்டாள். சாகிறவர் தன் சாவை முதலில் படித்துச் சரி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நெவில் வாசற்படியில் உட்கார்ந்து, நூல் கட்டின கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான்.

"காளானா?"

"இந்த மாசத்துல எங்க பாத்தாலும் காளான்தானே நெவ். பொருத்தமா இருக்கும்னு பாத்தேன்."

"மாமிசத்தைத் தவிர எதையும் தொடாதவன் நான். காய்கறி தின்னு செத்தேன்னு அந்த மேசையில போய் எப்படி உக்காருவேன் சொல்லு."

நியாயம்தான் என்று வெர்னா பக்கங்களைக் கிழித்துப் போட்டாள். உழைப்பு வீணான வருத்தம் முகத்தில் தெரிய வேண்டுமே என்று மெனக்கெட்டு வரவழைத்துக்கொண்டாள்.

அடுத்தது படகிலிருந்து ஆற்றில் தள்ளினாள். அதையும் படித்தான். பக்கங்களைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினான்.

"இதுல மேயர் எங்க? நான் தண்ணில விழுந்தா அவன் குரைக்க மாட்டானா?"

"அவன் எந்திரிச்சே நான் பாத்ததில்லையே."

"எனக்காக எந்திரிப்பான்."

இரண்டு பேரும் திரும்பி வண்டியைப் பார்த்தார்கள். மேயர் நான்கு காலும் வானத்தைப் பார்க்கத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நெவில் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பக்கங்களும் போயின. வெர்னா அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஆன்ஸாக் நாள் வந்தது. ஏப்ரல் கடைசியில் போரில் செத்தவர்களை நினைக்கிற நாள். அது வரைக்கும் டன்னிங்ஃபோர்டில் ஒருத்தரும் கணப்பு மூட்ட மாட்டார்கள். எலும்பு நடுங்கினாலும் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார்களே தவிர, முந்தி மூட்டினால் பப்பில் சோப்ளாங்கி என்று பெயர் விழும். விடியற்காலையில் நினைவுத் தூணடியில் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்களோ இல்லையோ, எல்லாக் கூரையிலும் ஒரே சமயத்தில் புகை. வெர்னா சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துண்டைச் செருகினாள். இனிமேல் அவளுக்கு வெளிக்காற்று கிடையாது.

அவள் வீட்டுக் கூரையில் மட்டும் புகை இல்லை. போன வருஷமே கணப்பை மூடிவிட்டு, சுவரில் மின்சார ஹீட்டர் மாட்டியாயிற்று. இதை நெவிலிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. உடம்பு முடியாதவர்கள் வீட்டுக் கொட்டகையில் கேட்காமலே ஒரு வண்டி விறகைக் கொட்டிவிட்டுப் போவது ஊர் வழக்கம். நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அப்படி அவன் கொட்டினது, நல்ல காய்ந்த விறகு, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்தது, பின்னால் அப்படியே இருந்தது. நீ வயிறு கழுவுகிற பொருள்தான் என் மூச்சை அடைக்கிறது என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? நாவலில் அவனைக் கொல்வதே தேவலை.

நெவிலுக்குக் கண் இருக்கிறது. புகை இல்லாத குழாயைப் பார்த்தான், குறையாத விறகைப் பார்த்தான், தானே ஒரு முடிவுக்கு வந்தான். கெழவிக்கு விறகு தூக்கத் தெம்பில்லை, கேட்க வெட்கம், குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறாள், அதனால்தான் தன்னைக் கொல்லவும் கை வரவில்லை என்று.

மே மாதத்தில் ஒரு மத்தியானம், கிளினிக் நர்ஸ் ரோஸ்லின் வெர்னாவைக் காரில் பக்கத்து டவுன் ஹியூவான்வில்லுக்குக் கூட்டிப்போய் மூச்சு சோதித்துவிட்டுத் திரும்ப அழைத்துவந்தாள். ஊதுகிற எந்திரத்தில் வெர்னா ஊதினது எந்திரத்துக்கே கேட்கவில்லை. வழியெல்லாம் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை, எந்த வீட்டுப் பூசணி பெரிசு என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

இந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வெர்னா தன் கதவைத் திறந்தாள். உள்ளே நாற்காலி தெரியவில்லை, மேசை தெரியவில்லை. வீடு முழுக்கப் புகை ஒரு ஆள் மாதிரி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டது.

நெவில் நல்லெண்ணத்தில் செய்த காரியம். அவள் திரும்பி வரும்போது வீடு கதகதப்பாக இருக்கட்டும் என்று மூடியிருந்த கணப்பைத் திறந்து, இருப்பதில் நல்ல விறகாகப் பார்த்து மூட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் எடுத்துவரக் கொட்டகைக்குப் போயிருந்தான். ஒரு வருஷமாகச் சும்மா கிடந்த புகைக்குழாயில் குருவி கூடு கட்டியிருந்தது.

ரோஸ்லின் வெர்னாவை இழுத்துவந்து கார் சீட்டில் சாய்த்து, முகத்தில் ஆக்சிஜன் மாட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அப்போதுதான் நெவில் கொட்டகையிலிருந்து வந்தான். கை நிறைய விறகு, முகம் நிறையச் சிரிப்பு. சிரிப்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, விறகு புல்தரையில் விழுந்தது.

ரோஸ்லினுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். எல்லாவற்றையும் அங்கேயே நின்று இறங்கின குரலில் அவனிடம் சொன்னாள். நுரையீரல் எவ்வளவு மிச்சம் என்று. புகை என்ன செய்யும் என்று. மகள் காத்திருக்கிறாள் என்று. முகமூடிக்குள்ளிருந்து வெர்னாவுக்கு எல்லாமே கேட்டது, நிறுத்தச் சொல்லத்தான் மூச்சு இல்லை.

"பண்டபெர்க் போயிட்டா பொழைச்சுக்குவாங்க. புத்தகம் முடிஞ்சாதான் போவேன்னு உக்காந்திருக்காங்க. நீ செத்தாதான் அது முடியுமாம், நெவில். நீ என்னடான்னா, இந்தச் சாவு பிடிக்கல, அந்தச் சாவு பிடிக்கலன்னு நொட்டை சொல்லிட்டுத் திரியறே."

நெவில் குனிந்தான். விழுந்த விறகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பொறுக்கினதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஆம்புலன்ஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்றான்.

ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணப்பையே காணோம். நெவில் பெயர்த்து எடுத்துப் போயிருந்தான். சுவர் கழுவியிருந்தது. திரைச்சீலையையும் துவைத்திருந்தான், எதோடு சேர்த்துத் துவைத்தானோ, வெள்ளைச் சீலை இளஞ்சிவப்பாகித் தலைகீழாகத் தொங்கியது. வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும், அதனால் மனசுக்குள்ளேயே சிரித்தாள்.

வாரம் போனது. வேலியோரம் வண்டி நிற்கவில்லை. என்னைக் கொன்னாச்சா என்று யாரும் கேட்கவில்லை. காலையில் கெட்டிலோடு பந்தயம் கட்டுவதையும் விட்டாள். எழுதுகிற மேசைக்கு வந்து உட்கார்ந்தால் கைகள் மடியிலேயே கிடந்தன. பாப்லர் மரங்கள் கடைசி மஞ்சளையும் உதிர்த்துவிட்டு நின்றன. ஜெனெல் தினமும் போன் செய்தாள், ஆனால் புத்தகத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் வெர்னாவுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

ஒரு காலையில், பனி இன்னும் கலையாதபோது, நெவிலைக் கொன்றாள். பெரிதாக ஒன்றும் செய்யத் தெம்பில்லை. விஷம் கலக்கக்கூட ஒரு பக்கம் பிடிக்கும். நெவில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றினான். டீ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். துப்பறியும் நாவலில், கொலையே இல்லாத சாவு.

ரோஸ்லினிடம் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு மத்தியானமே நெவில் வந்தான். தலைக்குக் குளித்து, சாவு வீடுகளுக்குப் போடுகிற ஒரே சட்டையைப் போட்டிருந்தான். படியில் ஏறவில்லை.

"மேல வா நெவ்."

"வேணாம். துவைச்ச சட்டைதான். ஆனாலும் புகை வாசனை போகல. நீ அங்கயே இரு."

பக்கத்தைச் சன்னல் வழியாக நீட்டினாள். அவன் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு, வேலி வரைக்கும் பின்வாங்கிப் போய் நின்று படித்தான். உதடு அசைந்தது. முடித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். வெர்னா அவன் முகத்தையே பார்த்தாள். நசுங்கினவர், நெரிபட்டவர், விஷம் குடித்தவர் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, நெவில், நீ டீ குடிச்சா செத்தே என்று கேட்கிற வெள்ளிக்கிழமை அந்த முகத்தில் வந்து போனதை அவள் பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றான்.

"நெவ்."

"இல்ல வெர்னா, அப்படியே நான்தான். நான் போனா இப்படித்தான் போவேன். அந்தக் காளான் எல்லாம் சும்மா. இதுல ஒரு எழுத்து மாத்தாதே." குனிந்து, கால் பக்கத்தில் படுத்திருந்த மேயரின் காதைச் சொறிந்தான். பப்பில் சீட்டாடும்போது கையில் ஒன்றும் இல்லாமல் புளுகினால்தான் அவன் நாய்க் காதைச் சொறிவான். அது ஊருக்கே தெரியும். "ஃபிளைட்டு என்னிக்கு?"

"இன்னும் போடல."

"போட்டுடு. ஜூன் வந்தா காத்து சுத்தமா நின்னுடும். கொட்டகையில இருக்கற விறகை நான் எடுத்துட்டுப் போறேன். பிளேன்ல ஏத்த மாட்டாங்க."

அவன் நாயை ஏற்றிக்கொண்டு வண்டியைப் பின்பக்கம் ஓட்டிப்போனான். கொஞ்ச நேரத்தில் வண்டியில் விறகு விழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒன்று விழும், கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. அவனுக்கும் வயசாகத்தான் செய்கிறது.

வெர்னா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், ஒரு விரலால், நிதானமாக, சாவுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். நாற்காலியோரம் இருந்த டீக் கோப்பையில் கசப்பாக ஒரு வாசனை வந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, பின்பக்க வேலியைத் தாண்டி ஓடுகிற யாரையோ பார்த்துக் குரைத்தது.

எழுந்து பின்பக்கச் சன்னலுக்குப் போனாள். நடுவில் சிங்க்கைப் பிடித்து ஒரு தடவை நின்றாள். துண்டை உருவிச் சன்னலை ஒரு விரல்கடைக்குத் திறந்தாள்.

"நெவ். உன்னைக் கொன்னுட்டாங்க."

கையில் கட்டையோடு அவன் நின்றான். "யாரு?"

"தெரியல."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? நீதானே எழுதறே."

"யாருன்னு பண்டபெர்க்ல போய்த்தான் கண்டுபிடிக்கணும். இங்க மூச்சு பத்தாது."

புத்தகம் முடிந்தால்தான் கிளம்புவேன் என்றவள், முடியாத புத்தகத்தோடு கிளம்புகிறாள். அது அவன் மண்டைக்குள் போய்ச் சேர்கிற வரைக்கும் அவள் சன்னலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சேர்ந்தது. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

"மரத்தூள்," என்றான்.

"ஆமா," என்றாள் வெர்னா.

"மேயர் குரைச்சானா?"

"குரைச்சான்."

நெவில் தலையை ஆட்டிக்கொண்டான். கட்டையை வண்டியில் போட்டான். அந்தச் சத்தத்தில் மேயர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

வெர்னா சன்னலைச் சாத்தி, துண்டைத் திரும்பச் செருகினாள். ஜெனெலுக்குப் போன் போட வேண்டும். போன் சமையலறையின் அந்தக் கோடியில் இருந்தது. அதற்கு முன் கொஞ்சம் உட்கார வேண்டும்.